பாக்கி எழுபத்தொன்று

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிஷப வாகனத் தோடியைக் கேட்டேன். படத்தோடு ஒரு தடவை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் இன்னொரு தடவை. மல்லாரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திரிகாலமும் சுத்தமாக வந்திருக்கிறது. உன் தாத்தா சொல்லிவைத்த மல்லாரி. அதில் குறை கண்டால் அவர் மேலேயிருந்து என்னைத் திட்டுவார். தோடிக்கு வருகிறேன். அதற்கும் முன்னால், நீ அதற்கு வைத்த தலைப்பு.

'1/72' என்று போட்டிருக்கிறாய். கூடவே எனக்கு ஒரு வரி: "பெரியப்பா, இன்னும் 71 பாக்கி. ஒரு வருஷத்துல முடிச்சுடுவேன்."

தோடி எட்டாவது மேளம். கனகாங்கியில் ஆரம்பித்தால் யார் கேட்பார்கள் என்று எட்டாவதை முன்னால் இழுத்து, அதற்கு ஒன்று என்று எண் போட்டுவிட்டாய். அது போகட்டும். 72 மேளத்தையும் நாயனத்தில் வாசித்து வைக்க வேண்டும் என்ற ஆசையையும் நான் குறை சொல்ல மாட்டேன். கோடீஸ்வர ஐயர் 72 மேளத்திலும் தமிழில் கிருதி செய்து வைத்திருக்கிறார். வாய்ப்பாட்டுக்காரர்கள் பாடுகிறார்கள். நாயனக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் போகிறேன் என்றால் வழிமறிக்க நான் யார்? அந்த 72-இல் 40 விவாதி மேளம். ஷட்சுருதி ரிஷபத்தை நாயனத்தில் சுத்தமாகப் பேசவைக்கவே உதட்டைத் தனியாகப் பழக்க வேண்டும். செய். என் எரிச்சல் வேறு. அந்த 38 நிமிஷத் தோடியில், மிச்சம் 71 மேளமும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

11-ஆவது நிமிஷத்தை எடுத்துக்கொள். தைவதத்தையும் நிஷாதத்தையும் பின்னிப் பின்னி ஏறி மேல் ஷட்ஜத்தைத் தொடுகிறாய். ஏறிய வழி நன்றாகவே இருக்கிறது. தொட்டாய் அல்லவா, அங்கே நிற்க வேண்டும். கீழ வீதி முழுக்க அதற்காகக் காத்திருக்கிறது. உன் தவில்காரப் பையன்கூடக் கையை எடுத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறான், படத்தில் தெரிகிறது. நீயோ தொட்ட மாத்திரத்தில் காந்தாரத்துக்குத் தாவி, மத்தியமத்தைச் சுற்றி ஒரு பிருகாவைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாய். 17-இல் மறுபடி அதே. 23-இல் மறுபடி.

ஏன் என்று எனக்குத் தெரியும். மூச்சை மிச்சம் பிடிக்கிறாய். ஷட்ஜத்தில் முழு மூச்சையும் விட்டுவிட்டால் அடுத்த பிருகாவுக்கு இருக்காது என்ற பயம். பாதியை இங்கே செலவழித்துப் பாதியை அங்கே கொண்டுபோகிறாய். ஷட்ஜமும் நிறையவில்லை, பிருகாவும் அவசரத்தில் விழுகிறது. உன் வயசுக்காரர்கள் வாசிப்பு எதைக் கேட்டாலும் இந்த வியாதி இருக்கிறது. கார்வை என்றால் அடுத்த சங்கதிக்கு முன்னால் இளைப்பாறுகிற இடம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ராகம் இருக்கிறதே, அது கார்வையில்தான் இருக்கிறது. பிருகா, அங்கே போய்ச் சேர்வதற்கான வழி. நீங்கள் வழியிலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டிருப்பாய். 78 சுற்றுத் தட்டு, ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிஷம் ஓடும். தெருவில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த மனிதரை அந்த மூன்று நிமிஷத்துக்குள் உட்கார வைத்தார்கள். நேரமில்லையே என்று எந்த இடத்திலாவது ஓடுகிறாரா, சொல். உனக்கு 38 நிமிஷம் இருந்தது. ஓடினாய்.

இரண்டாவது எரிச்சல் சீவாளி. 25-ஆவது நிமிஷத்துக்கு மேல் உன் சீவாளி கனத்துவிட்டது. எச்சில் ஊறி, ராத்திரி ஈரம் இறங்கி, வாய் தளர்ந்து, பஞ்சமம் மந்தமாகப் பேசுகிறது. மேலே போனால் கீச்சிடுகிறது. நாயனத்தில் நாலு சீவாளி நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட எத்தனை நேரம்? தவில்காரன் ஒரு உருட்டு உருட்டி முடிப்பதற்குள் ஆகிவிடும். நீ மாற்றவில்லை. ஏன் என்று போன் பண்ணிக் கேட்டேன். "கட் ஆகாம ஒரே டேக்கா இருக்கணும்னு பாத்தேன் பெரியப்பா" என்றாய். போனிலேயே திட்டியிருப்பேன், உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதனால் கடிதம்.

சின்ன வயசில் சீவாளி எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. நாணலை அறுத்து, காயவைத்து, வேகவைத்து, கட்டி, எவ்வளவு பக்குவம் பண்ணினாலும் நேற்று பேசியது இன்று பேசாது. மத்தியானம் பேசியது ராத்திரி பேசாது. இப்போது யோசித்தால், நாயனக்காரனைக் காப்பாற்றுவதே அதுதான் என்று படுகிறது. வயலின்காரருக்கு நேற்றைய தந்தியே இன்றும். நமக்கு வாயில் இருப்பது இந்த நிமிஷத்துச் சீவாளி, வேறொன்றும் கிடையாது. மனசு டிசம்பர் சீசனுக்கு ஓடிவிட்டால் உதடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். உன் சீவாளி 25-ஆவது நிமிஷத்தில் உன்னைக் கூப்பிட்டது. நீ அந்தத் தெருவில் இல்லை. படம் வெளியாகப் போகும் ஏதோ ஒரு காலை நேரத்தில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாய்.

இனி ஒத்து. பெரியப்பா ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பாய். சிரி. உன் செட்டில் ஒத்துக்காரன் இல்லை. தாளம் போடுகிற பையனின் தோளில் ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி தொங்குகிறது. பெட்டிக்கு மூச்சு வாங்காது, சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், எல்லாம் சரி. நாயனம் வாசிக்க வாசிக்கச் சூடேறும், சுருதி கொஞ்சம் தூக்கும். நடுராத்திரிக்கு மேல் குளிர்ந்தால் இறங்கும். ஒத்துக்காரனுக்குக் காது இருக்கிறது, அவன் கூடவே வருவான். உதட்டை இறுக்குவான், மெழுகை அழுத்துவான், எப்படியாவது உன்னோடு நிற்பான். பெட்டி வைத்த இடத்தில் நிற்கும். 29-ஆவது நிமிஷத்திலிருந்து பெட்டியும் நீயும் ஒரு மயிரிழை பிரிந்து போகிறீர்கள். கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். 31-இல் ரிஷபத்தை ஆதாரமாக வைத்துக் கல்யாணியைக் காட்டினாயே, அந்த வித்தை நினைப்பில் இருந்திருப்பாய். கல்யாணி சரியாகத்தான் வந்தது. அது வருவதற்குள் தோடி கையைவிட்டுப் போயிருந்தது.

ஒத்து பிடிப்பதுதான் நம் படிப்பில் முதல் வகுப்பு. ஒரே சுரம். கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் இழுத்து, அறாமல் விட வேண்டும். பொடிப்பையன் கையில் அதைக் கொடுத்துப் பெரியவர்கள் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். அவனுக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை; காட்ட வேண்டிய வித்தையும் இல்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒருவர் பைரவியைக் கட்டி எழுப்புவதையும் பிரிப்பதையும் கேட்டுக்கொண்டே இருப்பான். பிற்பாடு அவன் கைக்கு நாயனம் வரும்போது காதில் எல்லாம் இருக்கும். பெட்டி வந்தது, அந்தப் பையன் போய்விட்டான். இனிமேல் நாயனக்காரன் எங்கிருந்து வருவான் என்று கேட்டால் இசைப் பள்ளிகள் இருக்கின்றன என்கிறார்கள். இருக்கட்டும். ராத்திரி ஒரு மணிக்கு மேல வீதி மூலையில், தூக்கம் கண்ணைச் சொருக, ஒரே சுரத்தில் நிற்க எந்தப் பள்ளியில் பாடம் வைத்திருக்கிறார்கள்?

உன் தாத்தாவிடம் நான் ஒத்தில் ஆரம்பித்து இரண்டாம் நாயனத்துக்கு வந்தவன். இரண்டாம் நாயனக்காரன் சொந்தமாகத் திட்டம் எதுவும் போட முடியாது. அவர் விட்ட இடத்தில் எடுக்க வேண்டும், எங்கே விடுவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு கல்யாணம் ஞாபகம் வருகிறது. கும்பகோணம் பக்கம், பெரிய பந்தல். தாத்தா காம்போதி எடுத்தார். அன்றைக்கு அவருக்கு ராகம் வசப்பட்டுவிட்டது. நான் என் நாயனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுமனே நின்றேன். எடுத்துக் கெடுக்க மனசு வரவில்லை. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறார், புரோகிதர் கையைத் தூக்கினார். தவில்காரர் கண்ணைக் காட்டினார். தாத்தா அந்தச் சங்கதியைப் பாதிச் சுரத்தில் அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வந்துவிட்டார். ஒரு நொடி தாமதமில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

தாலி ஏறி, அட்சதை போட்டு, சந்தடி அடங்கியதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர், "பிள்ளைவாள், அந்தக் காம்போதியை விட்ட இடத்துலேர்ந்து எடுங்க" என்றார். "விட்ட இடத்துலேர்ந்து எடுக்க அது என்ன கணக்கு நோட்டுங்களா? அது போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேறு ராகம் எடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், அப்படி ஒரு காம்போதியைப் பாதியில் விட்டீர்களே, வருத்தமாக இல்லையா என்று. "தாலி கட்டுறதுக்குத்தான்டா நம்மளக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியும் விட்டார்.

இதை வைத்து அவர் ஆசையே இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதே. வானொலியில் ஏ கிரேடு வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, வாங்கியும் காட்டினார். ஆசை வேண்டாம் என்று உனக்குப் புத்தி சொல்ல நான் மடத்துச் சாமியாரும் இல்லை. நம் தொழிலில் ராஜரத்தினம் பிள்ளையைவிட ஆசைக்காரர் யார்? கிராப் வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், தெருவில் நின்று வாசித்த நாயனத்துக்கு மேடையில் உட்காரும் மரியாதை வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு நின்று வாங்கினார். வாத்தியமே போதவில்லை அவருக்கு. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து, சுத்த மத்தியமம் ஒழுங்காகப் பேசும் பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். இன்று உன் தோடியில் மத்தியமம் உதட்டை வதைக்காமல் வருகிறதென்றால் அந்த ஆசையின் சம்பாத்தியம். 1956-இல் 58 வயசில் போய்விட்டார்; அதற்குள் அவர் ஆசைப்பட்டதில் பாதியை நாம் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஷேக் சின்ன மௌலானா சாகிபை எடுத்துக்கொள். ஆந்திரத்தில் பரம்பரையாக நாயனம் வாசிக்கும் குடும்பம். தஞ்சாவூர் பாணி வேண்டும் என்று நாச்சியார்கோவிலுக்கு வந்து, ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்கள் முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். 1998-இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். அடுத்த வருஷம் காலமானார். அத்தனை தூரம் அவரை இழுத்து வந்தது ஆசை இல்லாமல் வேறென்ன? அவர் வாசிப்பில் அந்த இழுப்பு எங்காவது கேட்கிறதா என்று பார். ஒரு கார்வையைக்கூட அவர் வேலை முடிந்தது என்று விட்டதில்லை.

ஆசையை எங்கே வைப்பது என்று கேட்டால், விடியற்காலையில் வை. நாலு மணிக்கு எழுந்து சாதகம் பண்ணும்போது 72 என்ன, 144 என்று நினைத்துக்கொள். அப்போது கணக்குப் போடு, கிரகபேதம் போடு, நோட்டில் எழுது, பட்டியலில் கோடு போட்டு அடி. சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு சுவாமிக்கு முன்னால் நின்ற பிறகு அந்த நோட்டு வீட்டில் கிடக்கட்டும்.

இப்போது அந்தக் கடைசி நாலு நிமிஷத்துக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருந்தால் மிச்சத்தை நீ படித்திருக்க மாட்டாய்.

34-ஆவது நிமிஷம். தெற்கு வீதி திருப்பத்தில் கேபிள் கம்பி தாழத் தொங்கி வாகனத்தின் குடையில் மாட்டிக்கொள்கிறது. சுவாமி நின்றுவிடுகிறார். போனைப் பிடித்துக்கொண்டு உனக்கு முன்னால் பின்னோக்கி நடந்துவந்த உன் மச்சான், கம்பியைத் தூக்கிவிட ஓடுகிறான். போன் அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. படம் கறுப்பு, சத்தமும் கொஞ்சம் மூடிக் கேட்கிறது. பெட்டிக்காரப் பையனும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டான் போலிருக்கிறது, சுருதி எட்டத்தில் எங்கோ. "கழியைக் கொண்டாடா", "இன்னும் தூக்கு, இன்னும் தூக்கு" என்று குரல்கள். பாதம்தாங்கிகள் தோளில் அத்தனை கனத்தோடு மூச்சு விடுவது கேட்கிறது.

நீ நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ போட்டு வைத்திருந்த வரிசையெல்லாம் 33-லேயே தீர்ந்துவிட்டது என்பது எனக்குக் கேட்டது. சீவாளி கனத்துப்போய் மேலே ஏற வழியில்லை. கீழே தைவதத்தில் இறங்கி நின்றாய். நின்றாயா, நின்றுகொண்டே இருந்தாய். முழு மூச்சும் அங்கேயே போயிற்று. அது தீர்ந்ததும் அவசரமில்லாமல் இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டு, பஞ்சமத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, மறுபடி அதே தைவதம். அதில் அந்த அசைவு. தவில்காரப் பையன் புத்திசாலி, ஒரு சொல்கூடப் போடவில்லை. பாதம்தாங்கிகள் கால் மாற்றி நிற்கும் ஒவ்வொரு தடவையும் நீ அவர்களோடு சேர்ந்து ஒரு சுரம் நகர்ந்தாய். தெரிந்து செய்தாயா, தெரியாமலா, எனக்கு அது முக்கியமில்லை. பெட்டி தள்ளிப்போன பிறகு உன் சுருதி உன்னிடமே வந்துவிட்டது. காந்தாரத்துக்கு நீ ஏறியபோது கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் நின்றுபோனது. கேட்டுப் பார், நிஜமாக நிற்கிறது.

தம்பி, அப்படி ஒரு தோடியை உன் தாத்தாவிடமும் நான் கேட்டதில்லை. யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு எத்தனையோ உற்சவம் நின்றவன் நான்.

அதற்கு நீ என்ன எழுதியிருக்கிறாய்? "கடைசி நாலு நிமிஷம் படம் சரியா வரல பெரியப்பா, அதை வெட்டிட்டுப் போடுறேன்." வெட்டு. ஆனால் முதல் 34 நிமிஷத்தை வெட்டு. கறுப்புப் படத்தோடு அந்த நாலு நிமிஷத்தைப் போடு, எண் எதுவும் கொடுக்காமல். பத்துப் பேர் கேட்டால் போதாதா? போதாது என்று உனக்குத் தோன்றும், தெரியும். உன் வயசில் யாருக்கும் போதாது. சென்னையில் நம்மைக் கூப்பிட்டால் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கள இசைக்குக் கூப்பிடுகிறார்கள்; பாதி நாற்காலி காலியாக இருக்கும். உனக்கும் அந்த அழைப்பு வரும், இப்படியே வாசித்தால் சீக்கிரமே வரும். வந்து உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு வாசி. வராதவர்களை நினைத்து வாசித்தால் வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சுவாமி புறப்பாட்டில் போன் வேண்டாம். பதிவு பண்ண வேண்டுமென்றால் வீட்டுக் கூடத்தில் பண்ணிக்கொள், நூறு தடவை நிறுத்திச் சீவாளி மாற்று, யாரும் கேட்க மாட்டார்கள். 72-ஐக் கைவிடாதே. ஆனால் அடுத்தது எது என்று எனக்கு எழுதாதே. விவாதி மேளத்தில் எதை எடுத்தாலும் முதலில் அதன் ரிஷபத்திலும் காந்தாரத்திலும் முழு மூச்சு நிற்க முடிகிறதா என்று பார். ஒரு மாசம் ஆகட்டும், மூன்று மாசம் ஆகட்டும். நின்ற பிறகு மிச்சத்துக்குப் போ. ஒரு வருஷத்தில் ஆறு மேளம் முடிந்தால் நான் மேல்துண்டு போர்த்துகிறேன்.

கடைசியாக ஒத்து. சொல்லாமல் விடுவேன் என்று நினைத்தாயா? உங்கள் தெருவில் நாயனச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து நிற்கிற பையன் ஒருவன் நிச்சயம் இருப்பான். அவன் அப்பா அம்மாவிடம் பேசு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். என்னுடைய பழைய ஒத்து பரணில்தான் இருக்கிறது. துளைக்கு மெழுகு மட்டும் புதிதாக வைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உன் செட்டில் நிற்கும் உற்சவங்களுக்கு அவன் சம்பளம் என் பொறுப்பு. உன் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெட்டியை யாராவது நாட்டியப் பள்ளிக்கு விற்றுவிடு. என்ன விலைக்குப் போகிறது என்று எனக்கும் எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா